போவாடி கழற்றாத சங்கிலி

குமாசி நகரத்தின் தாஃபோ வட்டாரத்தில் தட்டையாக இருக்கிற டிவி எல்லாமே பிளாஸ்மாதான். கடைக்காரன் பிளாஸ்மா என்று சொல்லித்தான் விற்பான். வாங்கியவன் பிளாஸ்மா என்று சொல்லித்தான் மாமியார் வீட்டுக்குப் போன் போடுவான். திருடன்கூடப் போலீஸ் ஸ்டேஷனில் "ஒரு பிளாஸ்மா, ரெண்டு காஸ் சிலிண்டர்" என்றுதான் ஒப்புக்கொள்வான். நிஜமான பிளாஸ்மா அந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்று, அது பிராகோவின் சாப்பாட்டுக் கடையில் இருந்தது. இதை யாராவது மறந்துபோனால் பிராகோ நினைவுபடுத்துவாள். மறக்காதவர்களுக்கும் நினைவுபடுத்துவாள்.

ஜெர்மனியில் யாரோ பார்த்து அலுத்துக் கப்பலேற்றி அனுப்பிய பெட்டி அது. சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். தூக்கி வந்த நான்கு பேரும் மறுநாள் வேலைக்குப் போகவில்லை. போட்டுவிட்டால் அடுப்பு மாதிரி அனல் அடிக்கும். ஹர்மட்டான் என்கிற வறண்ட குளிர்காற்று அடிக்கிற காலத்தில் காலைக் கஞ்சிக்கு வருகிறவர்கள் அதன் பக்கத்து மேசைக்குச் சண்டை போடுவார்கள். ஆனால் பிராகோ அதை வாங்கியது குளிர்காய அல்ல, அதன் கறுப்புக்காக.

மற்ற டிவிகளில் இரவு வந்தால் சாம்பல் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். பிராகோவின் திரையில் இரவு இரவாகவே வரும். முகங்களும் அப்படித்தான். மெல்லிய டிவிகளில் நடிகைகள் எல்லோரும் ஒரே சாயத்தொட்டியில் முக்கி எடுத்தவர்கள் போலத் தெரிவார்கள். இங்கே ஒருத்தி கரிக்கறுப்பு, ஒருத்தி காயவைத்த கோகோக் கொட்டையின் பழுப்பு. இன்னொருத்தி கன்னத்துக்கு வெளுப்புக் கிரீம் பூசிவிட்டுக் கழுத்தை மறந்துவிட்டாள் என்பதை நாட்டிலேயே முதலில் கண்டுபிடித்தது இந்தக் கடைதான்.

இவ்வளவு நல்ல பெட்டிக்கு ஒரே ஒரு பலவீனம். அசையாத படத்தை ரொம்ப நேரம் வைத்தால், அதில் பளிச்சென்று இருப்பதெல்லாம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். அதனால் கடையில் ஒரு சட்டம் இருந்தது. கடன் சொல்லலாம், சூப்பில் உப்பு இல்லை என்று சொல்லலாம், ஆனால் ரிமோட்டைத் தொட்டுப் படத்தை நிறுத்தக் கூடாது.

இந்தப் படத்தின் அருமை தெரிந்த இன்னொரு மனிதர் பெரியவர் போவாடி. சிமெண்டுக் கிடங்கில் காலமெல்லாம் மூட்டை எண்ணி ஓய்ந்தவர். இருந்த சட்டைகள் இரண்டும் ஒரே நிறம். ஜன்னலோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, குஸ்தியிலிருந்து பார்லிமென்ட் வரை எது ஓடினாலும் பார்ப்பார். எழுந்து போகும்போது ஒன்றே ஒன்று சொல்வார். "நல்லாத் தெரியுது, பிராகோ."

அவர் செத்துப்போனார். உயிரோடிருந்தபோது எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் பிணவறைக்கு வரிசை கட்டியது. ஆனால் புதைக்கவில்லை. அக்கா மகன் அந்த்விக்கு ஹாம்பர்க்கில் லீவு கிடைக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டில் பிழைத்துத் திரும்புகிறவனை அங்கே போர்கா என்பார்கள். போர்கா வராமல் சாவு எடுத்தால் அது சாவே இல்லை. போவாடி பனிப்பெட்டியில் காத்திருந்தார். வாழ்நாளில் அவர் ஏசி அறையில் இருந்தது அப்போதுதான்.

அந்த்வி வந்தான். வந்த மறுநாளே குடும்பத் தலைவர் நிமாக்கோவைக் கூட்டிக்கொண்டு பிராகோவின் கடைக்கு வந்தான்.

"ஆன்ட்டி, சாவுக்கு உங்க டிவி வேணும். வெள்ளி, சனி, ஞாயிறு."

"உன்கிட்டதான் ஹாம்பர்க் டிவி இருக்கே? தாள் மாதிரி மெல்லிசுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தியாமே."

"அது கொஞ்சம் சின்னது ஆன்ட்டி. எங்க மாமா பெரிய மனுஷன்."

"உங்க மாமா இந்த மேசை உயரம்."

நிமாக்கோ தொண்டையைச் செருமினார். ஊர்ப் பஞ்சாயத்துகளில் செருமிச் செருமியே தலைவரானவர் அவர். "பிராகோ, கடைசி நாள்வரை உன் நாற்காலியிலதான் உக்காந்திருந்தான். அவனுக்கு இது கூடச் செய்யக் கூடாதா?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் இறங்கி வந்தாள். "எடுத்துட்டுப் போங்க. ஆனா படம் ஓடிக்கிட்டே இருக்கணும். ஒரே போட்டோவை நிறுத்தி வெச்சீங்க, அது கண்ணாடியில ஒட்டிக்கும். அப்புறம் நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

"ஆன்ட்டி, நான் ஜெர்மனில இருந்து வரேன். டிவி செய்யற ஊரு. எனக்கே பாடமா?"

ஹாம்பர்க்கில் அவன் மீனைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான் என்பது தாஃபோவுக்குத் தெரியாது. மீன் அடுக்கியதால் டிவி தெரிந்துவிடாது என்பது அவனுக்கும் தெரியவில்லை.

சாவு அமர்க்களமாக நடந்தது. பந்தல், ஆள் உயர ஒலிபெருக்கிகள், சிவப்பும் கறுப்புமாகத் துணி கட்டிய கூட்டம். சுவரொட்டியில் போவாடியின் பெயருக்குக் கீழே சொந்தக்காரர்களின் பெயர்களும், பெயருக்குப் பக்கத்தில் மிலான், டொரோண்டோ, ஹாம்பர்க் என்று ஊர்களும் இருந்தன. தாஃபோவிலேயே இருந்து அவருக்குக் கஞ்சி ஊற்றியவர்களின் பெயருக்கு இடம் போதவில்லை. மேடை நடுவில் பிராகோவின் பிளாஸ்மா. அதில் ஒரே ஒரு போட்டோ, வெயிலிலும் தெரியட்டும் என்று வெளிச்சம் கடைசிவரை ஏற்றி வைக்கப்பட்டிருந்தது.

வெள்ளைக் கோட்டு. ஆடு கட்டும் கயிறு கனத்துக்கு ஒரு தங்கச் சங்கிலி. பின்னால் தூண் வைத்த வெள்ளை மாளிகை. மேலே போவாடி.

பிராகோ கிட்டே போய்ப் பார்த்தாள். வேறு எந்த டிவியிலும் தப்பித்திருக்கும். அவளுடையதில் தப்பவில்லை. கழுத்துக்கு மேலே போவாடி, கழுத்துக்குக் கீழே யாரோ. முகம் கரிக்கறுப்பு, கைகள் பழுப்பு, நடுவில் கத்தியால் கீறினது போல ஒரு கோடு. முன்வரிசைக்காரர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அவர்கள் கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த்வி, படத்தை மாத்து."

"ஆன்ட்டி, இது செத்தவர் படம். அசையாமத்தான் இருக்கும். எழுந்து ஆடச் சொல்றீங்களா?"

பந்தலே சிரித்தது. நிமாக்கோ கையை உயர்த்தினார். "சாவு வீட்ல சத்தம் வேண்டாம், பிராகோ."

அங்கே சாவுப் பந்தலில் சண்டை போடுகிறவளைச் செத்தவரே மன்னிக்க மாட்டார் என்பார்கள். பிராகோ வாயை மூடிக்கொண்டாள். ஞாயிறு மாலைவரை ஜெனரேட்டர் நிற்கவே இல்லை, போட்டோவும் நகரவே இல்லை.

திங்கட்கிழமை பெட்டி கடைக்குத் திரும்பியது. செய்தி போட்டாள். செய்தி வாசிக்கிற பெண் போவாடியின் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் ஆட்டுக்கயிற்றுச் சங்கிலியோடு, பெட்ரோல் விலை ஏறிவிட்டது என்றாள். சேனல் மாற்றினாள். பாதிரியார் அதே சங்கிலியோடு எளிமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அதற்கடுத்த சேனலில் ஒரு காட்டுக் காட்சி. நடு இரவு. அவள் உயிராக நினைத்த அந்தக் கறுப்பின் நடுவே, மங்கலாக, தூண் வைத்த மாளிகை நின்றுகொண்டிருந்தது.

குடும்ப வீட்டுக்குப் போனாள். அந்த்வி முற்றத்தில் பீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"பெருமைப்படுங்க ஆன்ட்டி! மாமாவுக்கு உங்க கடையை விட்டுப் போக மனசு வரலை."

"அந்தக் கதையை உங்க போஸ்டர்ல போடு. என் படத்துக்கு என்ன பதில்?"

"பழைய சாமான் ஆன்ட்டி. ஐரோப்பாவுல இதையெல்லாம் குப்பையில போட்டுட்டாங்க. மெல்லிசா ஒண்ணு வாங்கிக்கோங்களேன்."

குப்பை. பிராகோ ஒன்றும் பேசாமல் திரும்பினாள். அவள் பேசாமல் திரும்பினால் என்ன அர்த்தம் என்று தாஃபோவில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அவன் ஹாம்பர்க்கில் அல்லவா இருந்தான்.

கறையைப் போக்க வழி இருந்தது. பெட்டிக்குள்ளேயே ஒரு வசதி: அமுக்கினால் அகலமான வெள்ளைப் பட்டை ஒன்று இடமிருந்து வலமாகத் திரையைத் துடைத்துக்கொண்டே போகும், திரும்பத் திரும்ப. விற்றவன் அன்றே சொல்லியிருந்தான்: சீக்கிரம் துடைச்சா போயிடும், விட்டு வெச்சா ஊறிடும். பிராகோ ரிமோட்டை எடுத்தாள். கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. சாவுப் பந்தலின் சிரிப்பு காதில் கேட்டது. கீழே வைத்துவிட்டாள்.

"கறை வெச்சவன் வந்து உக்காந்து துடைக்கட்டும்" என்றாள். கடையில் யாருக்கும் புரியவில்லை. ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும் படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டுப் போகிறது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். தெரிந்தேதான் தினமும் டிவியைப் போட்டாள், கதவையும் இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்தாள்.

கூட்டம் வந்தது. டாக்சிக்காரன் ஃபுசேனிதான் முதலில் ஆரம்பித்தான். கால்பந்து ஆட்டத்தில் முன்னோக்கி ஓடியவன் திரையின் நடுவுக்கு வந்ததும், "ரெஃப்ரீ! போவாடி ஆஃப்சைடு!" என்று கத்தினான். கடை குலுங்கியது. அதற்கப்புறம் கோல் தவறினால் "பெரியவரே, கொஞ்சம் நகருங்க!" ஜனாதிபதி பேசினால் "போவாடி பேசுறாரு, எல்லாரும் எழுந்து நில்லுங்க!" மீன் விற்கிற ஒருத்தி மட்டும் சிரிக்காமல், "ஏன் இன்னும் போகாம நிக்குறாரு? ஒழுங்கா அனுப்பி வைக்கலையோ?" என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கேள்வி சந்தை முழுக்கச் சுற்றி, குடும்ப வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தது.

ஆனால் அந்த்வியின் தூக்கத்தைக் கெடுத்தது அது இல்லை, சங்கிலி.

தாய்மாமன் சொத்து மருமகன்களுக்குப் போகிற ஊர் அது. சாவு அன்று எல்லோரும் அழுகையிலும் கோழியிலும் இருந்துவிட்டார்கள். இப்போது திரை தினமும் நினைவுபடுத்தியது. செஃப்வியிலிருந்து ஒரு மருமகன் வந்தான். ஃபுஃபு உருண்டையும் சூப்பும் வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் திரையையே பார்த்தான்.

"ஆன்ட்டி, அந்தச் செயின்... அசல்தானே?"

"என் டிவி இருக்கறதைத்தான்யா காட்டும், இட்டுக்கட்டாது. செயின் எங்கேன்னு அந்த்வியைக் கேளு."

கேட்டான். வேறொருவன் மாளிகையைக் கேட்டான். மூன்றாமவன் யாரையும் கேட்காமல், டாக்சி பிடித்துக் குமாசி முழுக்கத் தூண் வைத்த வெள்ளை வீட்டைத் தேடினான். அப்படி நிறைய வீடுகள் இருந்தன; ஒவ்வொரு வாசலிலும் நாய்களும் இருந்தன. நிமாக்கோவே அந்த்வியோடு பேசுவதை நிறுத்திவிட்டார் என்று செய்தி வந்தது. செருமுவதைக்கூட நிறுத்திவிட்டாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்டதும், வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு குடும்பமே கடைக்கு வந்தது. முன்னால் நிமாக்கோ, கையில் முன்னோருக்குப் படைக்கிற ஷ்னாப்ஸ் சாராயப் பாட்டில். பின்னால் அந்த்வி, தோளில் அந்த ஹாம்பர்க் டிவியின் அட்டைப்பெட்டி. கடையில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி கொடுத்தாள். தண்ணீர் கொடுக்கவில்லை.

வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். குடித்தபின் வீட்டுக்காரர் வந்த விஷயத்தைக் கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் வந்தவர் வாயைத் திறக்கலாம். தண்ணீரே வராவிட்டால், வந்தது ராஜாவாக இருந்தாலும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பிராகோ ஃபுஃபு பரிமாறினாள். சூப் ஊற்றினாள். பக்கத்து மேசைக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். இவர்கள் மேசையைத் தாண்டும்போது குவளையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"தலைவரே," என்றான் ஃபுசேனி, "கார்னர் யாரு அடிக்கப் போறா தெரியுமா? உங்காளு."

நிமாக்கோ செரும முயன்றார். தொண்டை காய்ந்திருந்ததால் வரவில்லை.

பாதி ஆட்டம் முடிந்ததும் பிராகோ தட்டில் தண்ணீர் வைத்து எடுத்து வந்தாள். குடித்து முடிக்கும்வரை நின்றாள். "இங்க எல்லாம் அமைதி. நாங்க நல்லா இருக்கோம். வந்தது நீங்க. சொல்லுங்க."

நிமாக்கோ சுற்றி வளைத்து முன்னோர்களிலிருந்து தொடங்கினார். அந்த்வி பொறுக்க முடியாமல் நடுவில் புகுந்தான். "ஆன்ட்டி, அந்தப் பழசைக் கொடுத்துடுங்க, உடைச்சுப் போட்டுடறேன். இந்தப் புதுசை வெச்சுக்கோங்க. சும்மாவே."

அட்டைப்பெட்டியைப் பிரித்து, மேசைமேல் நிறுத்தி, போட்டுக் காட்டினான். திரைமேல் ஒட்டி வந்த பாதுகாப்புத் தாள் இன்னும் ஒட்டியபடியே இருந்தது. அடியில் காற்றுக் குமிழிகள்.

"தாளைக் கிழிக்கலையா?" என்றாள் பிராகோ.

"கிழிச்சா புதுசுன்னு எப்படித் தெரியும்?"

படத்தில் இரண்டு பேர் இருட்டில் நடந்தார்கள். இருட்டு, கழனித் தண்ணீர் நிறத்தில் இருந்தது. பிராகோ இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஹாம்பர்க்ல ராத்திரியே வராதா, தம்பி?"

கடை சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு அவள் பக்கம்.

"மூடி எடுத்துட்டுப் போ. என் டிவியை யாரும் உடைக்கப் போறதில்லை, தூக்கப் போறதுமில்லை. அவரை என் கண்ணாடியிலேர்ந்து அனுப்பி வைக்க எனக்கு வழி தெரியும். ஆனா முதல்ல நீ, இத்தனை பேர் முன்னாடி, செயின் எங்கேன்னு சொல்லு. அப்புறம் உங்க குடும்பம் மொத்தமும் இங்க உக்காந்து, போட்டதைத் துடைச்சு முடிக்கறவரை பாருங்க. ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது."

"ஆன்ட்டி, அது குடும்ப விஷயம்..."

"சொல்லுடா," என்றார் நிமாக்கோ. தண்ணீர் குடித்ததில் குரல் திரும்பியிருந்தது. "நானும் அதைத்தானே கேக்கறேன்."

அந்த்வி தரையைப் பார்த்தான். "செயின் இல்ல."

"வித்துட்டியா?"

"இருந்ததே இல்ல. கெஜெட்டியா சந்தைல போட்டோக் கடைக்காரன் ஒட்டினது."

"அப்ப வீடு?" என்றான் செஃப்விக்காரன்.

"ஒட்டினது."

"கோட்டு?"

அந்த்வி விரலைச் சொடுக்கினான். "உடம்பே ஒட்டினது, அண்ணே."

"யாரோட உடம்பு?"

"தெரியாது. யாரோ நைஜீரியாக்காரர்னு சொன்னான்."

குமாசியில் நாய்க்கடி வாங்கியவன் தன் கெண்டைக்காலைத் தடவினான்.

"அப்ப," என்றார் நிமாக்கோ மெல்ல, "சாவு அன்னிக்கு மூணு நாளும் நான் யாருக்குடா அழுதேன்?"

பிராகோ ரிமோட்டை எடுத்தாள். பொத்தானை அமுக்கினாள். கண்ணைக் கூசும் வெள்ளைப் பட்டை ஒன்று திரையின் இடது ஓரத்தில் கிளம்பி, மாளிகை மேல் ஏறி, கோட்டைத் தாண்டி, வலது ஓரத்தில் மறைந்தது. மறுபடி இடது ஓரத்தில் கிளம்பியது. வெள்ளைத் துணி கட்டிய குடும்பம், வெள்ளைப் பட்டை போவதையும் வருவதையும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஷ்னாப்ஸைத் திறந்தார்கள். நிமாக்கோ தரையில் கொஞ்சம் ஊற்றி, போவாடியின் பெயரைச் சொல்லி, "நீ மட்டும் போ, அந்த நைஜீரியாக்காரரும் நல்லா இருக்கட்டும்" என்று வேண்டினார். அன்று மட்டுமல்ல, அதற்கடுத்த நாட்களிலும் அவர்கள் முறை வைத்து வந்து உட்கார்ந்தார்கள். அந்த்வி மட்டும் எல்லா முறையிலும் இருந்தான், பிராகோ விடவில்லை. ஃபுசேனி டாக்சியை நிறுத்திவிட்டு, அந்த வெறும் வெளிச்சத்தைக்கூட உட்கார்ந்து ரசித்தான்.

பட்டை போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிராகோவுக்கு ஒன்று புலப்பட்டது. பளிச்சென்று இருப்பதுதான் கண்ணாடியில் தங்கும். போவாடியின் முகம் கரிக்கறுப்பு. அது தங்கவே இல்லை. இத்தனை நாளும் திரையில் நின்றது கோட்டும் மாளிகையும் சங்கிலியும்தான்; முகம் இருந்த இடத்தில் வருகிறவர் போகிறவர் தலையெல்லாம் வந்து உட்கார்ந்து போயிருக்கிறது. அந்த மனுஷன் என்றைக்கோ போய்விட்டார். ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தாள். "நல்லா ஏமாத்தினீங்க, பெரியவரே" என்று முணுமுணுத்தாள்.

முதலில் மாளிகை போனது. பிறகு கோட்டு கையிலிருந்து தோள்வரை கரைந்தது. ஒரு மாலை பட்டையை நிறுத்திவிட்டு, படம் ஒன்றைப் போட்டாள். காட்டுக் காட்சி. நிலா இல்லாத இரவு. கறுப்பு கறுப்பாகத் திரும்பி வந்திருந்தது. அந்தக் கறுப்பின் நடுவில், யார் கழுத்திலும் இல்லாமல், சங்கிலி மட்டும் தொங்கியது.

"ஆன்ட்டி," என்றான் அந்த்வி, "செயின் போகலையே."

"போகாது. ஊறிடுச்சு. நான் காக்க வெச்சதுக்கு என் பங்கு அது."

"இனிமே யார் வந்து நின்னாலும் கழுத்துல அது இருக்குமே. உங்களுக்கு இது போதுமா?"

"எனக்கு என் ராத்திரி வந்துடுச்சு. செயின் கேட்டு உங்க ஆளுங்க யாராவது வந்தா இங்க அனுப்பு. கழட்ட முடிஞ்சா கழட்டிக்கட்டும்."

அவன் எழுந்து, கிட்டத்தில் போய்ப் பார்த்தான். பெரிய கறுப்புக் கண்ணாடியில் அவன் உருவம் தெரிந்தது. சங்கிலி மிகச் சரியாக அவன் கழுத்தில் வந்து உட்கார்ந்தது. அந்த்வி தன்னையறியாமல் சட்டைக் காலரை நிமிர்த்திக்கொண்டான்; கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியும் பார்த்துக்கொண்டான்.

"நகருடா," என்றாள் பிராகோ. "படம் மறைக்குது."